பின்னால் நின்றவர்

அப்பாவின் வலது கை ஓயவே இல்லை. நகம் வெட்டிவிடலாம் என்று அவள் பிடித்தால், அது நழுவிப் போய்ப் போர்வையின் மேல் எதையோ தீற்ற ஆரம்பித்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்திருந்தன, நடுவே எதுவும் இல்லை. நாலைந்து தரம் தீற்றியதும் கை வாய்க்குப் போகும். உதட்டைக் குவித்து, இல்லாத தூரிகையின் நுனியை நனைத்துக் கூராக்கிக்கொண்டு, மறுபடி போர்வைக்கு வரும்.

“கொஞ்சம் சும்மா இருங்கப்பா. நகத்தோட விரலும் வந்துடப் போகுது.”

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நிம்மதி என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் உபயோகித்து வெகு காலமாகிவிட்டது என்பது டாக்டருக்குத் தெரியாது.

அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, டீ டம்ளரோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

“பாரு, வேலைக்குக் கிளம்பிட்டார் உங்கப்பா. ரிட்டயர் ஆகி எத்தனை காலமாச்சு, இன்னும் முதலாளிக்கு ஓசியில உழைக்கிறார்.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் வந்த வேகத்தில் போய்விட்டது. அந்தக் கை என்ன செய்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அது யாரையோ துடைத்துக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு தினசரியில் படங்களுக்கு டச்சிங் பண்ணுகிறவராக இருந்தார். அந்தப் பத்திரிகையின் அச்சு இயந்திரம் அறதப் பழசு. முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறமாக எது இருந்தாலும், காகிதத்தில் கரி அப்பினாற்போல் விழும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெரிய மனிதர்களின் முகத்தை ஒட்டிப் பின்னால் நிற்கிற அரை ஆள், கால் ஆள், மைக் கம்பி, தொப்பி, குடை எல்லாவற்றையும் பிரிண்டின் மேல் வெள்ளை பூசித் துடைத்துவிட வேண்டும். பெரிய மனிதர் மட்டும் வெளுத்த வெளியில் தனியாக நிற்பார். யாரைத் துடைப்பது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்ட் ஈரத்தோடு மேசைக்கு வந்தால், கை தானாக வேலையைப் பார்க்கும். முதலாளி வீட்டுக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் அப்பாவையே துடைத்துவிட்டு அப்பா வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தலைவர் கொலைக்குப் பிறகு அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

தலைவரைப் பொதுக்கூட்ட மேடையில் வைத்துச் சுட்டார்கள். சுடுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த படம் ஒன்று அவர்கள் பத்திரிகைக்குக் கிடைத்தது. தலைவர் வலது கையை உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். தோளுக்குப் பின்னால் யாரோ ஒருவர். பாதிக் கன்னம், ஒரு காது, சட்டைத் தோள், அதுவும் தெளிவில்லாமல். ஆபீசே அழுதுகொண்டும் ஓடிக்கொண்டும் இருந்த அந்தச் சாயங்காலத்தில், அப்பா தன் மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல வெள்ளையைக் குழைத்தார். போன மனுஷன், தனியாக, நன்றாக நிற்கட்டும் என்று நினைத்தார். அந்தப் படம் மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது, அப்புறம் காலண்டரில், சுவரொட்டியில், தபால் தலையில். பல சிலைகளையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

பிறகு ஒரு தொண்டரைப் பிடித்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து சுட்டவன் இவன்தான் என்றார்கள். தண்ணீர் டம்ளரோடு தலைவருக்குப் பின்னால்தான் நின்றேன் என்று அந்த ஆள் தலைதலையாக அடித்துக்கொண்டார். மேடையில் இருந்த மற்றவர்கள், சத்தம் கேட்டதும் படுத்துவிட்டோம், யார் எங்கே நின்றார்கள் என்று கவனிக்கவில்லை என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். படம் எடுத்தவர், தலைவரின் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறு ஊரில் வேறு வேலைக்குப் போனார். அரசாங்க வக்கீல் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். பின்னால் யாரும் இல்லையே!

அப்பா தானாகவே கோர்ட்டுக்குப் போனார். நான்தான் துடைத்தேன், அங்கே ஒருவர் நின்றார் என்றார். நெகட்டிவ் எங்கே என்றார்கள். ஆபீஸ் அலமாரியில் அது இல்லை. போலீஸ் கொண்டுபோனது என்று சிலர், முதலாளி எரித்துவிட்டார் என்று சிலர், அந்த ஆபீசில் எல்லாம் தொலைவதுபோல் அதுவும் தொலைந்தது என்று சிலர். வெள்ளை பூசிய பிரிண்ட், அச்சுக்கு பிளாக் எடுத்த கையோடு குப்பைக்குப் போயிருந்தது. யார் துடைக்கச் சொன்னது என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை என்றார். பின்னால் நின்றது இந்தக் கூண்டில் நிற்கிறவர்தானா என்று கேட்டார்கள். தெரியாது என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவரானார். காசு வாங்கிக்கொண்டு துடைத்தான் என்றது ஒரு பக்கம். காசு வாங்கிக்கொண்டு துடைத்ததாகச் சொல்கிறான் என்றது இன்னொரு பக்கம். தெருவில் ‘வெள்ளை’ என்றால் அவர்தான். வீட்டுச் சுவரில் எழுதினார்கள், ஜன்னலில் கல் விழுந்தது. கடைக்காரர் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைத்தார்.

அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தரம் அவர் சாட்சி சொல்லக் கிளம்பிய காலையில் வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

“அவர்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. ஒரு உயிர் பிழைக்கும்.”

“யாருன்னு எனக்குத் தெரியாதே, அம்மாடி.”

“நீங்கதானே துடைச்சீங்க?”

“துடைச்சேன். பார்க்கல.”

பார்க்காமல் எப்படித் துடைக்க முடியும்? யாரோ அவர் வாயைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். அந்தத் தொண்டருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையிலேயே நோயில் செத்துப்போனார். அதற்குப் பிறகு அப்பாவிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணம் ஆனது, வேலை கிடைத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிற வேலை. எரிந்த கடை, திருட்டுப்போன வண்டி, நனைந்த சரக்கு என்று எது வந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆபீசில் பெயர். அந்தப் படிப்பை அவள் வீட்டிலேயே படித்துவிட்டு வந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அம்மா போன பிறகு வாரா வாரம் வந்து அப்பாவுக்கு மாத்திரை வாங்கி வைப்பாள், கரண்டு பில் கட்டுவாள், குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவாள். மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும்.

ஊர் மட்டும் விடவில்லை. அந்தப் படத்தில் தலைவரின் தோளுக்குப் பின்னால் இருக்கிற வெள்ளையைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, இன்றைக்கும் யாராவது இணையத்தில் ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்பாவின் தூரிகை ஒரு இடத்தில் லேசாக இழுத்திருந்தது. அதை ஒரு வெளிநாட்டு உளவாளியின் மீசை என்று நிரூபித்து ஒருவர் புத்தகமே போட்டுவிட்டார்.

மதியம் அத்தை குளிக்கப் போனாள். அவள் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீசுக்கு லீவு சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அப்பா பேசினார்.

“தம்பி.”

அவள் போனைக் கீழே வைத்தாள். அவர் கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார்.

“தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.”

“யாரைப்பா சொல்றீங்க?”

“முகம் விழல. ஒரு நிமிஷம்தான். தலைவரை மறைக்க வேண்டாம், நின்ன இடத்திலயே நில்லுங்க. முகத்தை மட்டும்...” மூச்சு வாங்கியது. “போயிடாதீங்க. நான் துடைக்க மாட்டேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர். ஒரு ஆணி இருந்தது. அவ்வளவுதான்.

கிளெய்ம் வேலையில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பொய் சொல்லுகிறவர்கள் ஒருவரிடம் சொல்லுவார்கள். நம்ப வைக்க ஒரு ஆள் வேண்டும். இங்கே அப்பா யாரையும் நம்ப வைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சாயங்காலம் பார்க்காமல் விட்ட முகத்தை இப்போது கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வாசலை மறித்த நாளிலிருந்து அவர் சொன்னது அத்தனையும் நிஜம். இவ்வளவு சின்ன விஷயத்தை நம்புவதற்கு அவளுக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

எழுந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“அப்பா, நான் நம்பறேன்பா. கேக்குதா? நீங்க சொன்னதை நான் நம்பறேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்து, பொறுமையாக, ரொம்ப நாள் பழகிய ஆபீஸ் குரலில் சொன்னார்.

“கொஞ்சம் தள்ளிக்கோம்மா. மறைக்குது.”

அவள் தள்ளிக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அப்பாவின் கை நின்றிருந்தது. முதலில் கவனித்தவள் அத்தைதான்.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். பழைய ஆபீஸ் நண்பர்கள் சிலர், தடியூன்றி வந்தவர்களும் தடியையும் ஆளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுமாக, சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். தெரு முனையில் ஒரு டி.வி. வண்டி வந்து நின்றது. மைக்கோடு வந்த பெண்ணை அத்தை வாசலிலேயே நிறுத்தி, “பேச வேண்டியவர் உள்ளே படுத்திருக்கார். முடிஞ்சா எழுப்பிக் கேளு” என்று அனுப்பிவிட்டாள். வெளிநாட்டில் இருக்கிற அவள் தம்பிக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் அழுதுகொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார்.

பார்த்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அந்தத் தொண்டரின் மனைவி. கோர்ட் வாசலிலும் சிறை வாசலிலும் புருஷனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை ஒரு காலத்தில் எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. இப்போது கூன் விழுந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை.

“இது எதுக்கு இங்க வருது?” அத்தை அவள் காதில் சொன்னாள். “இன்னைக்கு ஒரு நாளாவது அண்ணனை விடக்கூடாதா? ஏதாவது பேசட்டும், நான் பார்த்துக்கறேன்.”

“அத்தை, நீங்க சும்மா இருங்க.”

அந்த அம்மா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, கட்டிலருகில் நின்றார். வெகு நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அழவில்லை, கையைக் கூப்பவும் இல்லை. திட்டப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் திரும்பி, “நீதான் பொண்ணா?” என்றார். “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எல்லார் முன்னாலயும் வேணாம்.”

அவள் சமையலறைக்கு அழைத்துப் போனாள். கதவை முழுக்கச் சாத்த முடியாது, பின்னால் டம்ளர்கள் அடுக்கியிருந்தன. ஒருக்களித்து வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த அம்மா உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“கடைசியா ஏதாவது சொன்னாரா?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். கூடத்திலிருந்து நடந்து வருகிற அந்தக் கொஞ்ச தூரத்திலேயே பதிலைத் தயார் செய்துவிட்டாள். அப்பா போய்விட்டார். இனி அவரை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. அன்றைக்கு வாசலில் அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கு அவள் வாயாலேயே சொல்லிவிட்டால், இந்தக் கிழவி இன்றிரவாவது தூங்குவார். யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை காலம் அப்பாவைச் சந்தேகப்பட்டதற்கு ஈடாக, அவர் சொல்லாமல் விட்டுப்போனதை அவள் முடித்துக் கொடுப்பது போலவும் இருக்கும்.

“சொன்னார்,” என்றாள். குரல் நடுங்கவில்லை. “உங்க வீட்டுக்காரர்தான்னு சொன்னார். பின்னால நின்னது அவர்தான்னு.”

அந்த அம்மாவின் முகத்தில் அவள் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

“அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்ம்மா.”

“நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“இருந்திருப்ப. ஆனா அதைச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.”

சுருக்கென்றது. என் அப்பாவை எனக்குத் தெரியாததா என்று கேட்க வாயெடுத்தாள்.

“வருஷா வருஷம் வருவார்,” என்றார் அந்த அம்மா. “இவர் உள்ள இருந்தப்பவும் வந்தார், போனப்புறமும் வந்தார். முடியாமப் போற வரைக்கும். உன்கிட்ட சொன்னதில்லையா?”

“இல்ல.”

“முதல் தடவை வந்தப்போ எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வாசல்லயே நிக்க வெச்சு வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. எல்லாம் கேட்டுட்டு, உங்க வீட்டுக்காரர் போட்டோ இருந்தா காட்டுங்கம்மான்னார். பக்கவாட்டுல எடுத்தது இருந்தா நல்லதுன்னார். பையில பூதக்கண்ணாடி வெச்சிருந்தார். கல்யாணத்துல எடுத்தது, தொழிற்சங்கத்துல எடுத்ததுன்னு ஒண்ணு விடாம எடுத்துக் கொடுத்தேன். அவர் காதைப் பார்ப்பார். காதையே பார்ப்பார். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பார். நான் நின்னுக்கிட்டே இருப்பேன், என் உசிரு தொண்டையில இருக்கும். கண்ணைத் தொறந்து, ‘சொல்ல முடியலம்மா’ம்பார். தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவார். அடுத்த வருஷமும் அதே காது, அதே பதில்.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“ஒரு தடவை நான் அவர் காலைப் பிடிச்சுட்டேன்மா. ஆமான்னு சொல்லிட்டுப் போங்கய்யா, கோர்ட்டுக்கு வேணாம், பத்திரிகைக்கு வேணாம், எனக்கு மட்டும் சொல்லுங்கன்னேன். அவர் அழுதுட்டார். ஆனா சொல்லல. அன்னைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கே! இப்ப யோசிச்சா வேற மாதிரி தோணுது. என் புருஷன் குத்தமில்லாதவர்னு எத்தனை பேர் சத்தியம் பண்ணிட்டுப் போனாங்க, ஓட்டு கேக்க வந்தவங்க, புஸ்தகம் எழுத வந்தவங்க. ஒருத்தரும் அந்த மேடைப் பக்கம்கூடப் போனதில்ல. இவர் ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனாலதான் சொல்லாம இருந்தார்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. இந்த வீட்டில் மாத்திரை வாங்கி வைத்தது அவள். பில் கட்டினது அவள். ஆனால் அப்பா யார் என்று தெரிந்துகொள்ள, அவர் யாருக்கு எல்லாரையும்விடப் பெரிய கெடுதல் செய்தாரோ அந்த அம்மா வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

“என்னைப் பத்தி ஏதாவது சொல்வாரா?” என்று கேட்டாள். கேட்டபோது குரல் சின்னப் பெண்ணினுடையதாக இருந்தது.

“சொல்வார். என் பொண்ணு கறார், அவளை ஏமாத்த முடியாதும்பார். பெருமையாத்தான் சொல்வார். அவகிட்ட இங்க வர்றதைச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன். கேட்டா சொல்லலாம்னு இருக்கேன், இன்னும் கேக்கலன்னார்.”

“நான் கேக்கவே இல்ல.”

“சரி விடு,” என்றார் அந்த அம்மா. அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. “இப்ப நிஜத்தைச் சொல்லு. கடைசியா என்ன சொன்னார்?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஆள்கிட்ட பேசிக்கிட்டிருந்தார். பின்னால நின்னவர்கிட்ட. தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கன்னார். முகம் விழலன்னார். போயிடாதீங்க, நான் துடைக்க மாட்டேன்னார்.”

அந்த அம்மாவின் கை பையின் மேல் அசையாமல் இருந்தது. அடுப்பில் டீ கொதித்து விளிம்புக்கு வந்தது. அவள் கை நீட்டி அணைத்தாள்.

“திரும்பினாரா?” என்று கேட்டார் அந்த அம்மா.

எழுபது வயதைத் தாண்டிய அந்த முகத்தில், இத்தனை பேச்சுக்கும் பிறகு, ஆசை அப்பட்டமாக இருந்தது. ஒரு தலையசைப்பு போதும். அப்பா வருஷா வருஷம் எதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. எவ்வளவு கஷ்டம் என்றும் புரிந்தது.

“தெரியலம்மா,” என்றாள்.

“ம்,” என்றார் அந்த அம்மா. பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். பிறகு, “டீ இருந்தா அரை டம்ளர் கொடு,” என்றார்.

இருவரும் கூடத்துக்கு வந்தபோது, அமரர் வண்டி கிளம்பிவிட்டது, பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று அவள் கணவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அந்த அம்மாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, சண்டைக்குத் தயாராக எழுந்தாள். அவள் அத்தையின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அப்பாவுக்கு வேண்டியவங்க அத்தை.”

“என்னைக்கிலிருந்து?”

“எனக்கும் இப்பதான் தெரியும்.”

மாமா படம் கேட்கிறார் என்று அவள் மகன் போனை எடுத்துக்கொண்டு வந்தான். வர முடியாத தம்பி, எல்லாரும் அப்பாவோடு இருக்கிற படம் ஒன்றாவது வேண்டும் என்று அழுதிருக்கிறான். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அத்தை தலைமாட்டில், அவளும் கணவரும் பக்கத்தில், பழைய ஆபீஸ்காரர்கள் எழுந்து வந்து பின்னால். அந்த அம்மா அலமாரிக்கும் ஆட்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். வெளியே வர வழியில்லாமல், வந்த இடத்திலேயே நின்றுவிட்டார். மகன் இரண்டு தரம் எடுத்தான். எடுத்துவிட்டு அவளிடம் கொண்டுவந்து காட்டினான்.

“நல்லா வந்திருக்கும்மா. இந்தப் பின்னால மட்டும் யாரோ பாதி தெரியறாங்க.” தணிந்த குரலில், “தொட்டா போயிடும். எடுத்துட்டு அனுப்பட்டுமா?” என்றான்.

பழைய ஆபீஸ்காரர் ஒருவரின் தோளுக்குப் பின்னால், நரைத்த தலையில் பாதி, ஒரு காது, கொஞ்சம் கன்னம். அவன் விரல் அதன் மேல் போகப் பார்த்தது. அவன்மேல் தப்பில்லை. படம் நன்றாக இருக்கட்டும் என்றுதான் கேட்டான்.

“வேண்டாம். அப்படியே அனுப்பு.”

அனுப்பினான். அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாக வாசலுக்குப் போவதை அவள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் போனில் தம்பியின் செய்தி வந்தது. அப்பா தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்று எழுதியிருந்தான். அத்தை இளைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, ‘அக்கா, பின்னாடி நிக்கறது யாரு?’

அவள் கூடத்தின் நடுவிலேயே நின்று எழுதினாள். யார் என்று முழுதாக எழுதினாள், எதையும் விடவில்லை. எழுதியதை ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

வெளியே வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கணவர் தெருவில் நின்று, வா வா என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இன்னும் போகவில்லை. வருகிற போகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று சுவரை ஒட்டி, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவள் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.